பீடோங் வாழை இலைச் சாப்பாட்டுக்கடை: நான்கு வருடம் கழித்து மறுபடியும்

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். சைவ இலை 9 வெள்ளி (ரிங்கிட்). சோறு, பருப்பு, ரசம், மோர், இரண்டு காய், பாகற்காய் வறுவல், அப்பளம். ஆட்டுப் பெரட்டல் வேண்டுமென்றால் இன்னும் 10 வெள்ளி. கொஞ்சம் கூடத்தான். ஆனால் எலும்பைப் போட்டு எடையை நிரப்புகிற வேலை இல்லை. கறி கறியாகவே இருக்கிறது. பாகற்காயை வட்டமாகச் சீவி, மாவில் முக்காமல், வெறும் உப்பும் மஞ்சளும் போட்டு மொறுமொறுவென்று எடுக்கிறார்கள். ஒன்றரை மணிக்கு மேல் போனால் அது தீர்ந்திருக்கும்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. கீழே கொஞ்சம் ஏசப் போகிறேன், முதலாளியின் மகளோ தினமும் என் பள்ளி வேனில்தான் வருகிறாள். மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள்.

கடையை ஆரம்பித்த பாட்டி பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்ற பழக்கமோ என்னவோ, கடையிலும் நாலரைக்கே அடுப்பு எரியும். எனக்கு அவரைப் பற்றி நினைவிருப்பது ஒரே ஒரு காட்சிதான். மூன்று மணிக்கு, கடைசி ஆள் எழுந்து கைகழுவிய பிறகு, அடுப்படி வாசலில் முக்காலியைப் போட்டு உட்காருவார். விளிம்பு பெயர்ந்த எனாமல் தட்டில் அதே சட்டிச் சோறு, அதே குழம்பு. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு உள்ளே பார்த்து ஏதாவது சொல்வார். உப்புக் குறைந்திருந்தால் சமையல்காரருக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

அப்புறம் மகன் காலம். வியாபாரம் பெருகியது, சுங்கைப்பட்டாணியில் குளிரூட்டி வைத்த இரண்டாவது கடை வந்தது. ஒரு நாள் அவர் கல்லாவில் உட்கார்ந்து வீட்டிலிருந்து வந்த டிபன் கேரியரைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்ன பத்தியம் என்றார். இருக்கலாம். எனக்கு மனதில் சுருக்கென்றது. ஒரு வருடத்துக்குள் சாம்பார் தண்ணீர்விட்டது, வாழை இலை காகித இலையானது. என் மகள் நிச்சயதார்த்தத்துக்கு 60 பேருக்குச் சொல்லி வைத்தேன். வந்த தக்காளிக் குழம்பு நுரை கட்டியிருந்தது. சம்பந்தி வீட்டார் பெருந்தன்மையாக ரசத்தோடு எழுந்துவிட்டார்கள். போய்க் கேட்டால், “வேற யாரும் ஒண்ணும் சொல்லலையே” என்றார். அதற்குப் பிறகு நான்கு வருடம் அந்தப் பக்கம் போகவில்லை.

போன டிசம்பரில் கும்பகோணத்திலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். வந்து இறங்கியதும், “மாமா, கடாரம் எங்கே?” என்றான். நம் கெடாவைத்தான் அந்தக் காலத்தில் கடாரம் என்றார்கள். மெர்போக்கில் இருக்கிற பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். ஜெராய் மலை அடிவாரம், பக்கத்தில் ஓடை, மேலே புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கருங்கல் அடித்தளம். பையன் கோட்டை கொத்தளத்தை எதிர்பார்த்திருக்கிறான். “இவ்வளவுதானா?” என்று முகம் தொங்கிவிட்டது. நான் சொன்னேன்: கடாரத்தை ஜெயித்தவன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம் உன் ஊருக்குப் பக்கத்தில்தானே, அங்கே அரண்மனை எங்கே? கோயிலின் மதில் கல்லைக்கூட 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட வெள்ளைக்காரன் பெயர்த்துக்கொண்டு போனான். பையனுக்கு அது தெரியாது. கும்பகோணத்துக்காரனுக்குப் பீடோங்காரன் சொல்ல வேண்டியிருக்கிறது!

பசி வேறு. வேறு கடை திறந்திருக்கவில்லை, வேண்டா வெறுப்பாக இந்தக் கடைக்கே போனோம்.

இலை போடுவதற்குள் அவன் தொடங்கிவிட்டான். “1025-ல கடல் தாண்டி வந்து அடிச்சவங்க, எப்படி மாமா காணாமப் போனாங்க?” வேனில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிற நேரமெல்லாம் எனக்குச் சரித்திரப் புத்தகம்தான், அதனால் வாய் சும்மா இருக்கவில்லை. 1279-க்குப் பிறகு சோழனுக்குக் கல்வெட்டே இல்லை. அதற்கு ஐம்பது வருடம் முன்பே, அடங்கி நடக்க வேண்டிய சிற்றரசன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் ராஜராஜனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்துவிட்டான். ஹொய்சளன் படை அனுப்பித்தான் மீட்டான். ராஜாவை மீட்க அடுத்த நாட்டுக்காரன் வர வேண்டியிருக்கிறது என்றால், வீடு எப்போதோ உளுத்துவிட்டது என்றுதானே பொருள்?

ரோமைப் பார். நீரோ காலத்திலேயே, கி.பி. 64-இல், வெள்ளிக் காசில் கலப்படம் தொடங்கிவிட்டது. 270 வாக்கில் அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. (நம்மூர் வெள்ளியில் வெள்ளியே கிடையாது என்பது வேறு கதை.) சிப்பாய்க்கும் கடைக்காரனுக்கும் அந்தக் காசு. அரசாங்கமோ வரியைத் தானியமாகவும் பொன்னாகவும் கேட்க ஆரம்பித்தது. தான் அடித்த காசைத் தானே நம்பவில்லை. தான் சமைத்ததைத் தானே சாப்பிடாத முதலாளிதான் எனக்கு ஞாபகம் வந்தார்.

“எதிரி பலமா இருந்தா என்ன மாமா செய்றது? 1511-ல மலாக்காவை பீரங்கிதானே பிடிச்சுது?” என்றான். நியாயம்தான், பீரங்கிக்கு முன்னால் சாம்பார் என்ன செய்யும். ஆனால் அதற்கு முந்தைய வருடம் சுல்தான் மஹ்மூத் ஷா, கோள் பேச்சை நம்பித் தன் பெண்டஹாரா (முதலமைச்சர்) துன் முத்தாகிரைக் குடும்பத்தோடு கொல்லச் சொன்னார். போர்த்துகீசியக் கப்பல் வந்து நின்றபோது நல்லது கெட்டது தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லை. “யாரும் ஒண்ணும் சொல்லலையே” என்று சொல்கிற அரண்மனை.

சரி, தப்பிக்க வழி? உத்திரமேரூரில் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் (குடத்தில் போட்டுக் குலுக்கி எடுக்கிற ஓலையில்) எழுதக் கூடாது; அவன் நெருங்கிய சொந்தக்காரர்கள் பெயரையும் கூடாது. பதவி ஒரு வருடம்தான். ஆயிரம் வருடம் முந்தைய சட்டம். இதை இன்றைக்கு நம் கோயில் நிர்வாகக் கூட்டத்தில் வாசித்தால் பாதி நாற்காலி காலியாகும்.

இந்த இடத்தில் பெரட்டல் வந்தது. ஒரு வாய் வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டேன். பாட்டி காலத்து மிளகு.

கல்லாவில் பேரன். சுங்கைப்பட்டாணிக் கடையை மூடிவிட்டானாம். “நட்டம்னு ஊரே சிரிச்சது அங்கிள். ரெண்டு அடுப்பை என்னால பாக்க முடியல” என்றான். அக்கா மகனிடம் ரோம் பேரரசன் ஹேட்ரியன் கதையைச் சொன்னேன். தனக்கு முன்னால் ஆண்ட டிராஜன் சண்டை போட்டுப் பிடித்த மெசபொத்தேமியாவை, 117-இல் பதவிக்கு வந்ததும் வேண்டாமென்று விட்டவன். காக்க முடியாததை விட்ட பிறகு ரோம் மேற்கே இன்னும் 350 வருடத்துக்கு மேல் ஓடியது.

நாங்கள் கிளம்பும்போது மணி மூன்று. அடுப்படி வாசலில் ஒரு மேசை. பேரன், சமையல்காரர், பரிமாறுகிற வங்காளதேசத் தம்பி, பாத்திரம் கழுவுகிற அக்கா, நால்வரும் அதே சட்டிச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அக்கா ரசத்தை உறிஞ்சிவிட்டு, “இன்னிக்குப் புளி தூக்கலா இருக்கு தம்பி” என்றார். அவன் மறுபேச்சுப் பேசாமல் எச்சில் கையோடு எழுந்து போய், இடது கையால் பானையிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் குடித்துப் பார்த்தான். “ஆமாக்கா,” என்றான்.

குறையும் உண்டு. கைகழுவும் இடத்துக்கு மேலே உள்ள காற்றாடி சுற்றுகிறதா யோசிக்கிறதா என்று தெரியவில்லை. தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) வெறும் சர்க்கரைத் தண்ணீர், கோப்பி கேளுங்கள். கார் நிறுத்த இடமே இல்லை. எதிர் வரிசையில் நிறுத்தி நான் சம்மன் வாங்கினேன், அதற்குக் கடை பொறுப்பில்லை. காகித இலை போய்ப் பச்சை இலை வந்துவிட்டது, ஆனால் ஓரம் கிழிந்த இலை வந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டால் மாற்றுகிறார்கள்.

திங்கட்கிழமை கடை கிடையாது. பாகற்காய்க்காகப் போகிறவர்கள் பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். அக்கா மகன் இரண்டாவது தடவை கேட்டு ஏமாந்தான்.