"நோட்டீஸ் போயிடுச்சும்மா" என்றார், நம்பினேன்: செக் பவுன்ஸ் ஆனவர்கள் கவனத்துக்கு

செக் பணமில்லாமல் திரும்பி வந்து, அதை வக்கீலிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இதைப் படித்ததும் அவரைக் கூப்பிட்டு, செக் கொடுத்தவருக்குப் பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பிய தபால் ரசீதைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அதனால் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் இன்னும் வெளியில் நிற்கிறது.

தையல் யூனிட்டை மூடியபோது பத்து பவர் மிஷின்களை ஒருவருக்கு விற்றேன். 40,000 ரொக்கமாகக் கொடுத்தார். மீதிக்கு மார்ச் 4 தேதியிட்ட செக். "அக்கா, பத்து நாள் பொறுங்க, நானே சொல்றேன்" என்று இழுத்துக்கொண்டே போனார். மே 20 அன்றுதான் வங்கியில் போட்டேன். 22ஆம் தேதி, செக் திரும்பிவிட்டது என்று வங்கி கொடுக்கும் ரிட்டர்ன் மெமோ கைக்கு வந்தது.

கோர்ட் வாசலில் ஒரு குமாஸ்தா காட்டிய வக்கீலிடம் மறுநாளே போனேன். அசல் செக், அசல் மெமோ, ஃபீஸ் 8,000, நிரப்பாத வக்காலத்தில் (எனக்காக அவர் ஆஜராக நான் தரும் அனுமதிப் பத்திரம்) கையெழுத்து, எல்லாம் கொடுத்தேன். ரசீது இல்லை. மெமோவை ஒரு ஜெராக்ஸ் மட்டும் எடுத்து வைத்திருந்தேன், அதுவும் வேறு வேலைக்காக. அதன்பின் எப்போது கூப்பிட்டாலும் ஒரே பதில்: "நோட்டீஸ் போயிடுச்சும்மா, கேஸ் போட்டுடலாம்."

ஆகஸ்ட்டில் என் தம்பிதான் கேட்டான், "நோட்டீஸ் காப்பி எங்கே அக்கா?" அப்புறம் நேரில் போய் உட்கார்ந்து வாங்கினேன். அதோடு வந்த தபால் ரசீதில் ஜூலை 2 என்றிருந்தது.

எனக்கு அதன் அர்த்தம் புரியவில்லை. கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு பெண் வக்கீல் மெமோ ஜெராக்ஸையும் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினார். 41 நாள். மாற்றுமுறை ஆவணங்கள் சட்டம் 138ஆம் பிரிவில், செக் திரும்பியது நமக்குத் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். அது கிடைத்தபின் பணம் கட்ட செக் கொடுத்தவருக்கு 15 நாள். கட்டாவிட்டால் அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் நாம் புகார் தாக்கல் செய்ய வேண்டும். புகார் தாமதமானால் தகுந்த காரணம் சொல்லி, தாமதத்தைப் பொறுத்து ஏற்கும்படி நீதிமன்றத்திடம் கேட்கலாம். நோட்டீஸ் தாமதமானால் அந்த வழி கிடையாது.

"செக்கை மறுபடி வங்கியில் போட முடியாதா மேடம்?" என்று கேட்டேன். முடியும், ஆனால் செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள். அப்படிப் போட்டு மறுபடி திரும்பினால் புதிதாக 30 நாள் கிடைத்திருக்கும். என் செக் ஜூன் முதல் வாரத்திலேயே காலாவதி. அந்தச் சமயத்தில் செக் வக்கீலின் பீரோவில் இருந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் என்ற பயம் மிஷின் வாங்கியவருக்கு இனி இல்லை. இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

காகிதங்களைத் திருப்பிக் கேட்டபோது இன்னும் 5,000 கொடுத்தால்தான் தருவேன் என்றார் அந்தப் பழைய வக்கீல். ஃபீஸ் பாக்கி என்றாலும் கட்சிக்காரரின் ஆவணங்களை வக்கீல் பிடித்து வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். ஒரு வாரத்தில் கட்டு வந்து சேர்ந்தது.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சிலர் சொன்னார்கள். வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது, அங்கே அலைய வேண்டாம். புகார், வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்கும் அமைப்பான பார் கவுன்சிலுக்குத்தான். நான் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் தாமதமாகத்தான் தெரிந்தது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அந்தச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அந்த 8,000 ரூபாயை நான் கொடுத்தே இருக்க வேண்டியதில்லை.

இப்போது சிவில் வழக்கு போட்டிருக்கிறோம். அதற்கு மூன்று வருடம் கெடு இருந்தது, நல்லவேளை. வழக்குக்கு என்று 16 இலக்க சிஎன்ஆர் எண் கொடுத்திருக்கிறார்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன முறை என்ன நடந்தது என்று வருகிறது. வாரம் ஒருமுறை நானே பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன்.