உங்கள் வீட்டுக் கமரா யாருடைய கணக்கில் இருக்கிறது?

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் சீசனுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர்களும், வீட்டில் கமரா, ஸ்மார்ட் பல்பு, பிளக் என்று ஆள் பிடித்துப் பூட்டியவர்களும் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். எங்கள் வீட்டு ஹோலை ஐந்து மாதமாக வெளி ஆள் ஒருவர் நினைத்த நேரத்தில் தன்னுடைய போனில் பார்க்கக்கூடியதாக இருந்திருக்கிறது. முறைப்பாடு கொடுத்திருப்பதால் ஆளின் பெயரை இங்கே எழுதவில்லை.

நானும் அம்மாவும் கீழே இருக்கிறோம். மேலே இரண்டு அறை, ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை வாடகைக்கு. மார்ச் மாதம் தெரிந்த ஒருவர் சொல்லி, கமரா பூட்டுகிற ஒரு தம்பியைக் கூப்பிட்டேன். இரண்டு கமரா, ஆறு பல்பு, மூன்று பிளக், வேலைக் கூலியோடு 68,000 ரூபா. கொப்பித் தாளில் பாதியைக் கிழித்து 'சாமான் + வேலை 68,000' என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார். மொடல் இலக்கம் இல்லை, உத்தரவாதம் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் வாங்கி மடித்து அலுமாரிக்குள் வைத்தேன். ஒரு கமரா கேற்றில். மற்றதை, மேலே போகிற ஆக்கள் ஹோலைத் தாண்டித்தானே போகினம் என்று சொல்லி, ஹோல் மூலையில் பூட்டினார்.

வாடகைக்கு வருகிறவர்களுக்கென்று ரூட்டரில் 'கெஸ்ட்' வைஃபை ஒன்று போட்டார். எங்கள் பல்பு, பிளக், கமரா எல்லாவற்றையும் அதே கெஸ்ட் வைஃபையிலேயே கோத்துவிட்டார். ரூட்டரின் அமைப்புகளைத் திறக்கிற அட்மின் பாஸ்வேர்டை மாற்றினார். மாற்றிய பாஸ்வேர்டை எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு நாள்தான் ஒழுங்காக வேலை செய்தது. அடுத்த நாள் காலமை எல்லாமே 'ஓஃப்லைன்'. வந்தார், போனில் ஏதோ தட்டினார், வந்துவிட்டது. வருகைக்கு 2,500. மறுநாள் பிறகும் போனது. இப்படி ஏப்ரலில் மட்டும் நான்கு தரம் காசு கொடுத்தேன். மற்ற நாட்களில் போன் எடுத்து, அவர் வரும்வரைக்கும் இருட்டில் இருந்தோம். என்ன பிழை என்று கேட்டால், "அக்கா, உப்புக் காத்து. கடக்கரை வீட்டில எலக்ரோனிக் சாமான் நிக்காது" என்றார். நான் நம்பினேன். எங்கள் ஜன்னல் பிணைச்சல் வருடத்துக்கு வருடம் துருப்பிடித்து உதிர்கிறது, கேற்றுக்குப் பெயின்ற் அடித்து முடியவில்லை. பல்பு போகாதா என்றுதான் யோசித்தேன். இங்கே இருக்கிற யாருக்கும் அந்தச் சொல் உண்மை போலத்தான் இருக்கும், அதனால்தான் அதைச் சொல்கிறார்கள். மே மாதம் ஏதோ நேரத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன் என்றார், பிறகும் நின்றது. ஜூனில் இரண்டு புதுப் பல்பும் 9,500 ரூபாவுக்கு, வைஃபையைத் தூரத்துக்கு நீட்டுகிற ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் ஒன்றும் விற்றார். அடுத்த நாளும் அதே கதை.

இதற்கிடையில் அம்மாவின் போனில் உள்ள படங்களை ரிவியில் போட முடியாமல் போனது. போன் எங்கள் வைஃபையில், ரிவியை அவர் கெஸ்டுக்கு மாற்றியிருந்தார். அதையும் 'சரி செய்து' தந்தார். எப்படிச் சரி செய்தார் என்பது ஜூலையில் தெரிந்தது. கனடாவில் இருக்கிற தம்பி அனுப்பிய பேத்தியின் பிறந்தநாள் வீடியோவை அம்மா ரிவியில் பார்த்துக்கொண்டிருந்தா. கேக் வெட்டப் போகிற நேரத்தில் ரிவி கறுத்து, யாரோ மேல்சட்டை இல்லாமல் ஆடுகிற வீடியோ பெரிதாக ஓடத் தொடங்கியது. அம்மா ரிமோட்டைப் பிடித்தபடி என்னைக் கூப்பிட்ட குரலை என்னால் மறக்க முடியாது. மேலே தங்கியிருந்த பெடியன் இறங்கி ஓடி வந்து மன்னிப்புக் கேட்டான். தன் அறை ரிவி என்று நினைத்து அனுப்பினானாம். அவனில் பிழை இல்லை.

அன்றிரவே அக்காவின் மகளைக் கூப்பிட்டேன். கோணேசபுரியில் இருக்கிற பல்கலைக்கழக வளாகத்தில் கணினி படிக்கிறாள். இணைப்புத் தந்த நிறுவனத்துக்கு முதலில் போன் எடுத்து, அவர்கள் சொன்ன பிறகுதான் ரூட்டரை ரிசெட் செய்தாள். நீங்களும் ரிசெட் துளையில் ஊசியால் குத்த முதல் அவர்களிடம் கேளுங்கள், சில ரூட்டரில் ஃபைபர் இணைப்பின் அமைப்புகளும் சேர்ந்து அழிந்துபோகும். பிறகு கெஸ்ட் பக்கத்தைத் திறந்து எனக்குக் காட்டினாள். அங்கே கெஸ்ட் வைஃபை எவ்வளவு நேரம் இயங்க வேண்டும் என்று ஒரு தெரிவு: 4 மணி நேரம், ஒரு நாள், வரம்பில்லை. அது 'ஒரு நாள்' என்பதில்தான் தானாக நிற்கும். நேரம் முடிந்ததும் கெஸ்ட் அணைந்துவிடும், அதில் இருக்கிற பல்பு, பிளக், கமரா எல்லாம் சேர்ந்து போய்விடும். எக்ஸ்டெண்டர் ஆயிரம் பூட்டினாலும் அணைந்த வைஃபையை நீட்ட முடியாது. 'வரம்பில்லை' என்று ஒரு தட்டு. இன்றுவரைக்கும் போகவில்லை. கழற்றிக் கொண்டுபோய் எறிய வைத்த இரண்டு பழைய பல்பும் இப்போது சமையலறையில் எரிகின்றன. அவருக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் இதே பக்கத்தைத் திறந்துதான் திரும்பப் போட்டிருக்கிறார்.

ரிவி விசயமும் அவள் சொல்லித்தான் விளங்கியது. கெஸ்டில் இருக்கிற கருவிகளுக்கு இணையம் மட்டும் கிடைக்கும், எங்கள் பிரதான வைஃபையில் உள்ளவை தெரியாது. பல ரூட்டரில் கெஸ்டில் உள்ளவை ஒன்றையொன்றும் பார்க்காது. அது பிழையில்லை, காவல். அதனால்தான் போனும் ரிவியும் சந்திக்கவில்லை. ரிவியை எங்கள் வைஃபைக்கு எடுத்திருந்தால் முடிந்திருக்கும். அவர் அந்த வேலியையே கழற்றிவிட்டுப் போனார். அதன் பிறகு, மேலே வந்து தங்கின ஒவ்வொருவருடைய போனுக்கும் எங்கள் கருவிகள் எல்லாம் தெரிந்திருக்கின்றன. பல்பையும் கமராவையும் தனியாக வைப்பது நல்ல யோசனைதான். 2016இல் மிராய் என்ற தீநிரல் (வைரஸ் மாதிரி ஒன்று), தொழிற்சாலை பாஸ்வேர்ட் மாற்றாத கமராக்களையும் ரெக்கோர்டர்களையும் பிடித்து, அவற்றைக் கொண்டே ட்விட்டர், நெட்பிளிக்ஸ் போன்றவற்றைப் பலருக்கு மணிக்கணக்கில் எட்டாமல் செய்ததாம். ஆனால் தனியாக வைத்ததை வாடகைக்கு வருகிறவர்களோடு ஒன்றாக வைத்தால் என்ன பயன்?

இதெல்லாம் காசு போன கதை. அடுத்தது அப்படியில்லை.

கமராக்களைப் புது பாஸ்வேர்டில் கோக்க அவள் ஆப்பில் ஸ்கேன் செய்தாள். இந்தக் கருவி வேறு கணக்கில் பதிவாகியிருக்கிறது என்று வந்தது. நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே ஒரு மின்னஞ்சலின் முதல் இரண்டு எழுத்து. அவருடைய எழுத்து. "சித்தி, இது உங்கட கமரா இல்லை. உங்களுக்குப் பார்க்க விட்டிருக்கிறார், அவ்வளவுதான்" என்றாள். இரண்டையும் தன்னுடைய கணக்கில் பதிந்து, எனக்கு 'ஷேர்' மட்டும் செய்திருக்கிறார். ஹோல் கமராவுக்கு மைக்கும் இருக்கிறது. மத்தியானத்தில் அம்மா அந்த ஹோலில்தான் பாய் போட்டுப் படுப்பா. அந்த நேரமே கதிரையில் ஏறி வயரைப் பிடுங்கினேன். கை நடுங்கியது.

போன் எடுத்துக் கேட்டேன். "எல்லாருக்கும் அப்பிடித்தான் செய்யிறது அக்கா, பிறகு ரிப்பெயர் பார்க்க லேசு. கணக்கு மாத்த 5,000 ஆகும்" என்றார். எல்லாருக்கும் என்றால் இந்த ஊரில் எத்தனை வீடு? அவர் தன்னுடைய ஆப்பில் கருவியை நீக்கினால் போதும், ஒரு நிமிட வேலை. நுகர்வோர் அதிகார சபைக்குப் போகிறேன் என்று சொன்னேன். அடுத்த நாள் விடிய முன்னமே நீக்கியிருந்தார். காசு ஒரு சதம் திரும்பி வரவில்லை.

உங்கள் கமரா ஆப்பை இப்போதே திறந்து பாருங்கள். அந்தக் கருவி 'ஷேர்' செய்யப்பட்டதாகக் காட்டினால், அல்லது வேறு ஒருவருக்குப் பகிரும் தெரிவு உங்களிடம் இல்லையென்றால், சொந்தக்காரர் வேறு ஆள். நீக்கச் சொல்லுங்கள், நீக்கும்வரை வயரைக் கழற்றி வையுங்கள். இனிப் பூட்டுவதென்றால் உங்கள் போனில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கண்முன்னே பதியச் சொல்லுங்கள். அட்மின் பாஸ்வேர்ட் கையில் வந்த பிறகு காசைக் கொடுங்கள். மொடல் இலக்கத்தோடு பில் கேளுங்கள். நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எனக்குக் கமராவுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. ஜூனில் விற்ற பல்புக்கும் எக்ஸ்டெண்டருக்கும் மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது மேல் அறைகளுக்குத் தனியாக ஒரு 4ஜி ரூட்டர். கெஸ்டில் பல்பும் பிளக்கும் கேற்றுக் கமராவும் மட்டும். ஹோல் கமராவைத் திரும்பப் பூட்டவில்லை. அம்மா இப்போது மத்தியானத்தில் உள் அறையில் கதவைச் சாத்திவிட்டுத்தான் படுக்கிறா.