பழைய பெயர், சாம்பல் நிறக் கியர்: கொழும்பில் தூண்டில் றீல் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

புறக்கோட்டைப் பக்கத்துக் கடை ஒன்றில் "அசல் அமெரிக்கன், பழைய ஸ்டொக்" என்று சொல்லி 48,000 ரூபாவுக்கு விற்ற ஸ்பின்னிங் றீல் ஒன்று (தூண்டில் கம்பில் பூட்டித் தங்கூசியைச் சுற்றும் கருவி) என்னிடம் திருத்த வந்தது. கடையின் பெயரும் றீலில் இருந்த பெயரும் இங்கே வேண்டாம். வாங்கியவர் காலிமுகத்திடலிலும் காக்கைத்தீவிலும் நான்கே தரம்தான் பாவித்திருக்கிறார். நான்காவது தரம் நடுத்தரப் பாரை ஒன்று இழுத்தபோது கைபிடி கரகரத்தது, அடுத்த நிமிடம் பிடிப்பே இல்லாமல் சுற்றியது. கடையில் கொண்டுபோய்க் காட்டினால், "உப்புத்தண்ணியில பாவிச்சா அப்பிடித்தான் அண்ணை" என்று பதில். கடல் றீலுக்குக் கடல் ஆகாதாம்!

பக்கமூடியைக் கழற்றியதும் விசயம் விளங்கியது. பெரிய கியர் சாம்பல் நிறம். இரண்டு பல்லு உடைந்து, அடுத்தடுத்த பல்லுகள் நுனி மழுங்கியிருந்தன. பெட்டியில் ஆறு போல் பெயரிங் என்று போட்டிருக்கிறது, உள்ளே மூன்றுதான். மற்ற இடங்களில் பிளாஸ்டிக் வளையம். மூன்றில் இரண்டு கறள் பிடித்து இறுகிவிட்டன. டிராக்கில், அதாவது மீன் பலமாக இழுக்கும்போது தங்கூசியை இறுக்கத்தோடு விட்டுக்கொடுக்கும் பிரேக்கில், கார்பன் வாஷருக்குப் பதில் எண்ணெய் ஊறிய கம்பளித் தட்டு. கிறீஸ் ஒரு கடலை அளவு, அதுவும் ஒரே மூலையில். றீலின் காலடியில் (கம்பில் பூட்டும் பகுதி) ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டினால், நாட்டின் பெயர் இருந்திருக்க வேண்டிய இடம் அரத்தால் தேய்க்கப்பட்டிருக்கிறது.

இதை வைத்து "சைனா என்றாலே குப்பை" என்று சொல்ல வரவில்லை. பேர்போன பழைய றீல் பெயர்களையே பாருங்கள். பென் நிறுவனம் 1932இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தொடங்கியது, அதன் செனட்டர் றீல் 1936இல் வந்தது. அபு சுவீடனின் ஸ்வெங்ஸ்டாவில் 1921இல் பிறந்தது. மிச்செல் பிரான்சின் குளூஸ் ஊர்க்காரன். மூன்று பெயரும் இன்று ஒரே அமெரிக்க நிறுவனத்தின் கையில். ஸ்பின்னிங் றீல்களில் பெரும்பாலானவை ஆசியாவில்தான் செய்யப்படுகின்றன. பென் ஸ்பின்ஃபிஷர் ஐந்தாம் தலைமுறை சைனாவில் செய்ததுதான், ஆனாலும் உலோக உடம்பும் தண்ணீர் புகாத டிராக்கும் கொண்ட நல்ல உழைப்பாளி. ஜப்பானிய நிறுவனமான ஷிமானோவின் மலேசியத் தொழிற்சாலை றீல்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

தொழிற்சாலை தனக்கு வந்த ஓடரைத்தான் செய்கிறது. எந்த உலோகம், எவ்வளவு துல்லியம், எத்தனையில் ஒன்றைச் சோதிப்பது என்பதையெல்லாம் காசு கொடுப்பவர் தீர்மானிக்கிறார். விலையைக் குறை என்றால் முதலில் குறைவது வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாத இடம்: கியர், பெயரிங், வாஷர், கிறீஸ். பெயின்ட் பளபளப்பில் யாரும் கைவைப்பதில்லை.

திருத்த வந்த றீலின் கியரில் கண்ட அந்தச் சாம்பல் நிறம் பெரும்பாலும் நாகக் (துத்தநாகக்) கலப்புலோகம். உருக்கி அச்சில் ஊற்றினால் பல்லோடு சேர்ந்தே வந்துவிடும், கடைசல் வேலை மிகக் குறைவு, அதனால்தான் மலிவு. பழைய றீல்களில் வெண்கலத்தையோ பித்தளையையோ கடைந்து பல்லு வெட்டினார்கள். நாகக் கியர் எல்லாமே மோசமில்லை. மேற்பூச்சு நன்றாக இருந்து, கிறீஸ் நிறைய இருந்தால் ஆற்றிலும் குளத்திலும் ஆண்டுக்கணக்கில் ஓடும். கடலில்தான் வில்லங்கம். பித்தளைப் பினியனும் (பெரிய கியரோடு சேர்ந்து சுற்றும் சின்னக் கியர்) ஸ்டெயின்லெஸ் அச்சும் பக்கத்தில் இருக்க, இடையில் உப்புத்தண்ணி புகுந்தால் நாகம்தான் முதலில் கரையும். படகின் அடியில் நாகக் கட்டி பூட்டுவது ஏன் என்று மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே மற்ற உலோகத்தைக் காக்க வேண்டுமென்றே கரையவிடுகிறோம், இங்கே அது கியர். வார்ப்பில் ஈயம் கொஞ்சம் கூடிப்போனாலும் உலோகம் உள்ளிருந்தே வெடித்துப் பொரியும்.

ஆகவே காசை எண்ணுவதற்கு முன் பக்கமூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான றீல்களுக்கு மூன்று நான்கு திருகாணி, ஐந்து நிமிட வேலை. மறுத்தால் அதுவே பதில். திறந்ததும் கியரின் பல்லில்லாத முகத்தில் ஊசியால் மெல்லக் கீறுங்கள். பூச்சு மஞ்சளாக இருக்கலாம், கீறலின் அடியில் என்ன நிறம் என்பதே கணக்கு. மஞ்சள் என்றால் பித்தளை அல்லது வெண்கலம். சாம்பல் நிறமாக, கையில் கனமாக இருந்தால் பெரும்பாலும் நாகம். சாம்பல் நிறமாக, மிக லேசாக இருந்தால் அலுமினியம். குளிர்நிலையில் அழுத்திச் செய்த அலுமினியக் கியர் நல்ல ஜப்பானிய றீல்களிலும் உண்டு, அதைப் பார்த்து ஓடிவிட வேண்டாம்.

காந்தம் கொண்டுபோவோர் ஒன்றைக் கவனிக்கவும். நாகமும் பித்தளையும் இரண்டுமே ஒட்டாது, அதனால் கியருக்குக் காந்தம் உதவாது. நல்ல பெயரிங்கில் பாவிக்கும் ஸ்டெயின்லெஸ்கூட ஒட்டும். திருகாணி சும்மா முலாம் பூசிய இரும்பா என்று பார்க்க மட்டும் அது பயன்படும்.

பழைய றீல் என்று விற்றால் சரிபார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. அபு நிறுவனத்தின் அம்பாசடர் றீல் என்றால் காலடியில் ஆறு இலக்கம் பாருங்கள். 1970களின் நடுப்பகுதியிலிருந்து முதல் இரண்டும் ஆண்டு, அடுத்த இரண்டும் மாதம். 780300 என்றால் 1978 மார்ச். பிரெஞ்சு மிச்செல் 300இல் கைபிடி இடப்பக்கம் நிரந்தரமாக இருக்கும். கைபிடி வலப்பக்கம் வேண்டியவருக்கு 301 என்று தனி மொடல். கைபிடியை இரண்டு பக்கமும் மாற்றிப் பூட்டலாம் என்று காட்டினால், அது அதே பெயரில் பின்னால் வந்த வேறு றீல். பழையதன் உதிரிப்பாகம் அதற்குப் பொருந்தாது, அதனுடையது பழையதற்கும் பொருந்தாது. ஏமாறுபவர்களில் பாதிப்பேர் விழுவது இந்தக் குழியில்தான்: "பார்ட்ஸ் எங்கேயும் கிடைக்கும்" என்பார்கள், கிடைப்பது மற்றதற்கு.

டிராக்கைக் கையால் இழுத்துப் பார்த்து "ஸ்மூத்தா இருக்கு" என்பது போதாது. தொங்கு தராசு ஒன்றைத் தங்கூசியில் கட்டி இழுங்கள். தங்கூசி தாங்கும் நிறையில் 25 முதல் 30 வீதம்தான் டிராக் இருக்கவேண்டும். 10 கிலோ தங்கூசிக்கு 2.5 முதல் 3 கிலோ. இரண்டு மீற்றர் ஒரே சீராக இழுக்கையில் முள் ஆடாமல் நிற்கவேண்டும். முதல் இழுப்பில் 4 கிலோவுக்குப் பாய்ந்து பிறகு 2.5க்கு இறங்கினால் வாஷர் ஒட்டிப்பிடிக்கிறது; பெரிய மீன் முதல் ஓட்டத்திலேயே அறுத்துக்கொண்டு போகும். கம்பளித் தட்டுக்குக் கெட்ட பெயர் உண்டு, சின்ன மீனுக்கு அது தாராளம். நீண்ட ஓட்டத்தில் சூடேறும்போதுதான் கார்பனின் அருமை தெரியும்.

இன்னொன்று. கைபிடி பின்பக்கம் சுற்றினால் உடனே கியர் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். இன்றைய றீல்களில் பின்சுழற்சியைத் தடுப்பது சின்னச் சின்ன உருளைகள் கொண்ட ஒருவழிக் கிளட்ச். அதற்குள் தடித்த கிறீஸ் போனால் உருளைகள் பிடிக்காது. ஸ்பிரிட்டில் கழுவிக் காயவைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சரியாகிவிடும். இதற்கும் "கியர் மாத்தோணும்" என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் திருத்துநர்கள் இருக்கிறார்கள்.

புது றீல் எந்த நாட்டுடையதாக இருந்தாலும், கடலுக்குப் போகுமுன் திறந்து கியர் பல்லுகளுக்குக் கடல் பாவனைக்கான கிறீஸ் பூசுங்கள். வந்ததும் டிராக்கை இறுக்கிவிட்டு மெல்லிய தூறலில் நல்லதண்ணியால் கழுவுங்கள், குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

கடைசியாகப் பில். மொடல் இலக்கம், செய்த நாடு, உத்தரவாதக் காலம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம், ஆனால் கடைக்காரர் என்ன சொல்லி விற்றார் என்பதற்குக் கையில் எழுத்து வேண்டும். அந்த 48,000 ரூபா றீலின் பில்லில் இருந்தது இவ்வளவுதான்: "மீன்பிடிச் சாமான் – 1."