150 ஓம் ஹெட்போனும் அந்தப் பாழாய்ப்போன குமிழும்

என் மெட்டல் டிடெக்டர் ஹெட்போனில் வலது காதுப் பக்கத்து வால்யூம் குமிழை ஒருவழியாகக் கழற்றி எறிந்துவிட்டு, கம்பியை நேராக ஸ்பீக்கரோடு சேர்த்து சாலிடர் வைத்தாயிற்று. அந்தச் சமயம் பார்த்து நண்பர் ஒருவர் கேட்கிறார்: "மெட்டல் டிடெக்டருக்கு ஹெட்போன் வாங்கணும். 150 ஓம் இருந்தாத்தான் ஆழத்துல கிடக்கிறது கேட்கும்னு சொல்றாங்களே, நிஜமா? எங்கிட்ட பாட்டு கேட்கிற 32 ஓம் ஒண்ணு சும்மாவே கிடக்கு." சுருக்கமாகப் பதில் போடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். குமிழ் மேல் இருந்த எரிச்சலில் நீண்டுவிட்டது.

ஆழம் பற்றிய பேச்சை முதலில் ஒதுக்கிவிடலாம். எவ்வளவு ஆழம் என்பதை முடிவு செய்வது காயில் (தரைக்கு மேல் வீசித் தேடும் வளையம்), டிடெக்டரின் மின்சுற்று, மண்ணின் தன்மை, புதைந்திருக்கும் பொருளின் அளவு. ஹெட்போனுக்கு அதில் பங்கே கிடையாது. டிடெக்டர் ஏற்கெனவே பிடித்துவிட்ட மெல்லிய சத்தம் காதுக்கு வந்து சேருகிறதா, நடுவில் தொலைகிறதா என்பது மட்டும்தான் அதன் வேலை. அதைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடம்பில் பாய்ந்த குண்டை அந்தக் கால மெட்டல் டிடெக்டர் ஒன்றால் தேடிய கிரகாம் பெல்லும் தொலைபேசி ரிசீவரைக் காதில் வைத்துத்தான் தேடினார். டிடெக்டரில் திரையும் எண்ணும் வந்த பிறகும் கடைசித் தீர்ப்பு காதினுடையதுதான்.

இப்போது ஓம் விஷயம். இம்பீடன்ஸ் என்பது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, அதை அளக்கும் அலகுதான் ஓம். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை வழக்கமாக 1 கிலோஹெர்ட்ஸில் அளப்பார்கள். கூடினால் நல்லது, குறைந்தால் மட்டம் என்ற கணக்கு இதில் செல்லாது. பேட்டரி இல்லாமலே ஓடிய பழைய கிரிஸ்டல் ரேடியோக்களுக்கு 2000 ஓம் ஹெட்போன் மாட்டினார்கள். அந்தப் பலவீனமான சிக்னலுக்கு அதுதான் பொருந்தியது. அதே ஹெட்போனைக் கைபேசியில் செருகினால் ஈ முனகுவதுபோலத்தான் கேட்கும். எதில் செருகுகிறோம் என்று தெரியாமல் ஓமை மட்டும் வைத்துப் பேசுவது பாதிக் கணக்கு.

டிடெக்டருக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் மீதிப் பாதி. விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. ஹெட்போன் ஜாக்குக்கு முன்னால் ஒரு தடையை (ரெசிஸ்டரை) தொடராக வைக்கும் டிடெக்டர்கள் உண்டு. அந்தத் தடை 100 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 ஓம் ஹெட்போனை மாட்டினால் மின்னழுத்தத்தில் பெரும்பகுதியை அந்தத் தடையே விழுங்கிவிடும், ஹெட்போனுக்குக் கிடைப்பது கால்வாசிக்கும் குறைவு. 150 ஓம் மாட்டினால் ஐந்தில் மூன்று பங்கு கிடைக்கும். பவர் கணக்குப் போட்டால் 150-க்குத்தான் 32-ஐவிட ஏறக்குறைய 1.3 மடங்கு போகிறது. அந்தத் தடையே இல்லாத டிடெக்டரில் கதை அப்படியே தலைகீழ். 32 ஓமுக்கு 150-ஐவிட நாலரை மடங்குக்கு மேல் பவர் போகும், கிட்டத்தட்ட 6.7 டெசிபல் வித்தியாசம். ஒருவர் 150-ஐத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாட, இன்னொருவர் அதே ஹெட்போனை 'சத்தமே வரல' என்று திட்டுகிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

இதில் சென்சிட்டிவிட்டி என்று இன்னொரு எண்ணும் குறுக்கே வரும். ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்பது அது. 3 டெசிபல் கூடுதலாக இருந்தால் பாதிப் பவரிலேயே அதே சத்தம் வந்துவிடும். ஓம் எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு இதைப் போடாமல் விட்ட பெட்டியைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

என் டிடெக்டரில் தொடர் தடை இருக்கிறது, அதனால் 150 ஓம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. எதிர்பாராமல் கிடைத்த லாபம் சத்தத்தில் இல்லை, அமைதியில். இம்பீடன்ஸ் குறைந்த, சென்சிட்டிவிட்டி கூடிய இயர்போனை மாட்டினால் ஆம்ப்ளிஃபையரின் 'உஸ்ஸ்' பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். இதில் அது அறவே இல்லை. த்ரெஷோல்ட் முனகலை (எதுவும் சிக்காதபோதும் டிடெக்டர் விடாமல் தரும் மெல்லிய சத்தம்) காதுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் அளவில் வைத்துவிட்டு காயிலை மெதுவாக வீசினால், அந்த முனகல் ஒரு நொடி லேசாகத் தடிப்பதும் மெலிவதும் தனியாகத் தெரிகிறது. காதை முழுக்க மூடும் கப் காற்றிரைச்சலையும் அடக்கிவிடுகிறது. பேஸ் நன்றாக இருக்குமா என்று கேட்காதீர்கள். சில நூறு ஹெர்ட்ஸில் 'பீப்' அடிக்கும் கருவிக்கு பேஸ் எதற்கு?

இவ்வளவு நல்ல ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, காதுக்கு ஒன்றாக இரண்டு மட்டமான குமிழை வைத்தானே, அவனை என்ன சொல்ல! குமிழ் என்பதும் தடைதான், ஸ்பீக்கரோடு தொடராகப் போட்டிருக்கிறான். உள்ளே கார்பன் பாதையின் மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டு ஓடும். தூசியும் வியர்வையும் இறங்க இறங்கப் பாதை தேய்கிறது, நாக்கு சரியாக ஒட்டுவதில்லை. அப்புறம் தலையை லேசாகத் திருப்பினால் 'கர்ர்', குனிந்தால் 'டிக்'. பாட்டு கேட்கிற ஹெட்போன் என்றால் தட்டிவிட்டுப் போய்விடலாம். இங்கே மெல்லிய, அறுந்து அறுந்து வரும் சத்தத்தைத்தானே தேடிக்கொண்டிருக்கிறோம்! துருப்பிடித்த ஆணியும் அதே கரகரப்பைத்தான் கொடுக்கும். குமிழ் இருமியதை நம்பி மண்ணைத் தோண்டிவிட்டு, வெறும் குழியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கடுப்பு இருக்கிறதே...

கழற்றுவதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். மீட்டர் காட்டுவது நேர்மின் தடைதான், இம்பீடன்ஸைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். இடது பக்கம் குமிழை முழுதாகத் திருப்பி வைத்தால் 140 சொச்சத்தில் அசையாமல் நின்றது. வலது பக்கத்தில் முழு வால்யூமிலேயே எண் நிற்கவில்லை. விரலால் கப்பைத் தட்டினால் 300-க்குத் தாவியது, இன்னொரு தட்டில் ஆயிரத்தைத் தாண்டி ஓடியது. பெட்டியில் 150 ஓம் என்று பெருமையாக அச்சடித்ததற்கு என்ன அர்த்தம்?

நியாயமாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய டிடெக்டர்கள் சிலவற்றில் வால்யூமைக் குறைக்க வழியே இருக்காது. மேலாக ஒரு பெரிய இரும்புத் துண்டு கிடந்து காயில் அதன் மேல் போனால் காதே கிழிந்துவிடும். அவர்களுக்குக் குமிழ் வேண்டும்தான். ஒரு காது சற்று மந்தமாக உள்ளவர்களுக்கு இரண்டு குமிழும் தனித்தனியாக இருப்பது பெரிய உபகாரம். சரி, வையுங்கள். தூசி புகாத, மூடிய வகையாகப் பார்த்து வைப்பதில் என்ன நஷ்டம்?

ஜாக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோனோ (ஒற்றைத் தடம்) ஜாக்கில் ஸ்டீரியோ (இரட்டைத் தடம்) பின்னைச் செருகினால் ஒரு காதில்தான் கேட்கும். அதற்காக இரண்டு ஸ்பீக்கரையும் இணையாகச் சேர்க்கும் அடாப்டர் போட்டால் 32 ஓம் ஜோடி 16 ஆகிவிடும். தொடர் தடை உள்ள டிடெக்டரில் அது இன்னும் மோசம். வயர் தொல்லை வேண்டாம் என்று சாதாரண ப்ளூடூத்துக்குப் போக நினைத்தால், 150 மில்லிநொடி தாமதம் அதில் சர்வசாதாரணம். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசும் காயில் அதற்குள் 15 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும்.

இத்தனை புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது: இந்த ஹெட்போனை வாங்க வேண்டாம். கையில் சாலிடர் வாசனை இன்னும் போகவில்லை, இன்றைக்கு என் வாயிலிருந்து வேறு பதில் வராது. இருக்கிற 32 ஓமையே மாட்டி, ஒரு சின்ன நாணயத்தைக் காயிலுக்கு முன்னால் தள்ளித் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். டிடெக்டரின் சொந்த ஸ்பீக்கரில் கடைசியாகக் கேட்ட தூரத்திலும் ஹெட்போனில் தெளிவாகக் கேட்டால் அதுவே போதும். கேட்காவிட்டால் 100 முதல் 150 ஓம் வரை உள்ள ஒன்றை நண்பர்கள் யாரிடமாவது இரவல் வாங்கி, அதே நாணயத்தோடு சோதியுங்கள். அதன் பிறகும் குமிழ் வைத்ததைத்தான் வாங்குவேன் என்றால் உங்கள் இஷ்டம். கடைக்குப் போகும்போது மீட்டரைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், குமிழை மெதுவாகத் திருப்பி, கப்பை இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள். எண் குதித்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.