2எம் பிளாக்கா, டிஎல்-103ஆ? முதலில் டோன்ஆர்மைப் பாருங்கள்

நல்ல டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள் மேம்படுத்தக் கிளம்பினால் முதலில் கை வைப்பது பெரும்பாலும் கார்ட்ரிட்ஜில்தான், அதாவது ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சிக்னலாக்கும் சிறு பாகத்தில். அங்கே அடிக்கடி மோதும் இரண்டு பெயர்கள்: ஆர்டோஃபோன் 2எம் பிளாக், டெனான் டிஎல்-103. முன்னது எம்எம் (காந்தம் அசையும்) வகை, மெல்லிய விளிம்புள்ள ஷிபாட்டா ஊசி. பின்னது எம்சி (கம்பிச்சுருள் அசையும்) வகை, உருண்டை முனை ஊசி. 1960களில் ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்புக்காக உருவானது. எது உசத்தி என்று ஆரம்பித்தால் பேச்சு முடியாது. உங்கள் டோன்ஆர்முக்கு, அதாவது கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கைக்கு, எது பொருந்தும் என்று ஆரம்பித்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ் (ஊசி முனையில் உணரப்படும் ஆர்மின் நிறை), கார்ட்ரிட்ஜ் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதைக் கம்ப்ளையன்ஸால், அதாவது ஊசித்தண்டின் நெகிழ்வால், பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 159ஐ அதனால் வகுத்தால் வருவது, ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து இயல்பாக அதிரும் அதிர்வெண். 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால், வளைந்த தட்டு ஓடும்போது வூஃபர் முன்னும் பின்னும் ஆடும். மேலே போனால் பாட்டின் அடித்தள ஒலியிலேயே அது தலையிடும்.

2எம் பிளாக்கின் எடை 7.2 கிராம், கம்ப்ளையன்ஸ் 22. திருகுக்கு 0.8 கிராம் சேர்த்தால், 12 கிராம் ஆர்மில் 7.6 ஹெர்ட்ஸ் வருகிறது, கொஞ்சம் குறைவு. 8 கிராம் ஆர்மில் 8.5, நிம்மதி. டிஎல்-103இல்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அதன் எடை 8.5 கிராம், கம்ப்ளையன்ஸ் 5. ஆனால் அந்த 5, 100 ஹெர்ட்ஸில் அளந்தது. நம் கணக்குக்குத் தேவை 10 ஹெர்ட்ஸ் அளவு; அதற்கு அதை ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்காக எடுக்க வேண்டும். 5ஐ அப்படியே போட்டால் 12 கிராம் ஆர்மில் 15.4 என்று வந்து மிரட்டும். சரியாகப் போட்டால் 11 முதல் 12.6தான். கார்ட்ரிட்ஜைத் திருகும் ஹெட்ஷெல்லை நாலு கிராம் கூடுதலானதாக மாட்டினால் 10 முதல் 11.5க்கு இறங்கிவிடும். பின்பக்க எடைக்கல் அந்தப் பாரத்தைச் சமன் செய்யுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசி முனையில் 2எம் பிளாக்குக்குத் தெளிவான வெற்றி. 33⅓ சுற்று வேகத்தில் தட்டின் வெளி விளிம்பில் ஊசியடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, உள்ளே 60 மி.மீ. ஆரத்தில் 21 செ.மீ.தான். அங்கே 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை வெறும் 21 மைக்ரான் நீளம். 16.5 மைக்ரான் ஆரமுள்ள உருண்டை முனை அந்த வளைவுக்குள் எப்படி நுழையும்? கடைசிப் பாட்டில் 'ஸ' ஒலி பிசிறுவது இதனால்தான். ஷிபாட்டாவின் மெல்லிய விளிம்பு அங்கேயும் போய்த் தொடும்.

மின்பக்கம் கணக்கு வேறு. 2எம் பிளாக் 5 மில்லிவோல்ட் தருகிறது. 40 டெசிபல் பெருக்கமும் 47,000 ஓம் உள்ளீட்டு மின்தடையும் போதும். கவனிக்க வேண்டியது கெப்பாசிட்டன்ஸ்: ஆர்ம் வயர், கேபிள், ஃபோனோ ஸ்டேஜ் (சிக்னலைப் பெருக்கும் பகுதி) மூன்றும் சேர்ந்து 150 முதல் 300 பிகோஃபாரட். நீளமான கேபிள் போட்டு இதைத் தாண்டினால் மேல் ஒலிகள் கூர்மையாகி, அதற்கு மேல் சட்டென்று விழும்.

டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட். அதற்கு இரைச்சலில்லாத 60 டெசிபல் வேண்டும், இல்லையென்றால் மின்னழுத்தத்தை உயர்த்தும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர். பத்து மடங்கு உயர்த்தும் 1:10க்குப் பதில் முப்பது மடங்கு உயர்த்தும் 1:30 வாங்கினால் மூன்று மடங்கு சிக்னல் என்று நினைக்காதீர்கள். 47,000 ஓம் உள்ளீட்டை 1:10 கார்ட்ரிட்ஜுக்கு 470 ஓமாகக் காட்டும். 1:30 வெறும் 52 ஓம். கார்ட்ரிட்ஜின் சொந்த மின்தடையே 40 ஓம் என்பதால் சிக்னலில் பாதிக்குச் சற்றுக் குறைவு அங்கேயே கரைகிறது. கைக்கு வருவது 1:10இல் சுமார் 2.8, 1:30இல் 5.1 மில்லிவோல்ட், இரண்டு மடங்குகூட இல்லை. டிரான்ஸ்ஃபார்மரை எம்எம் உள்ளீட்டில்தான் செருக வேண்டும். ஹம் வந்தால் மோட்டாரிலிருந்து தள்ளி வைத்து, மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்; ஒரு கோணத்தில் அடங்கிவிடும்.

பொருத்தும்போது இரண்டுக்கும் பேர்வால்டு புள்ளிகள், அதாவது ஊசி பள்ளத்துக்கு நேராக நிற்க வேண்டிய இடங்கள், தட்டின் மையத்திலிருந்து 66 மற்றும் 120.9 மி.மீ. ஊசி தட்டை அழுத்தும் பாரம் 2எம் பிளாக்குக்கு 1.5 கிராம், டிஎல்-103க்கு 2.5. ஆர்ம் உயரத்தில் ஷிபாட்டா மன்னிக்காது: 230 மி.மீ. ஆர்மில் 4 மி.மீ. ஏற்றினால் ஊசியின் சாய்வு ஒரு பாகை மாறும், காதில் தெரியலாம். உருண்டை முனைக்கு இந்தக் கவலை மிகக் குறைவு. ஆனால் டிஎல்-103இன் காந்தம் இரும்புத் திருப்புளியை வெடுக்கென்று இழுத்து ஊசித்தண்டை ஒடித்துவிடும். ஊசி உறையைக் கழற்றாமல், காந்தம் இழுக்காத கருவியால் முடுக்குங்கள்.

தேய்ந்தால் 2எம் பிளாக்கின் ஊசியை விரலால் உருவி வேறு மாட்டலாம். டிஎல்-103இல் அது நடக்காது. புதிதாக வாங்க வேண்டும், இல்லை ரீடிப் செய்ய, அதாவது முனையை மாற்றக் கொடுக்க வேண்டும். அப்போது மெல்லிய விளிம்புள்ள முனையே போடச் சொல்லலாம். உள்பள்ளப் பிசிறு பெருமளவு போய்விடும். தண்டும் மாறினால் பழைய 2.5 கிராம் கணக்கு செல்லாது. பாரம், உயரம், அதிர்வெண் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.