சித்தப்பாவின் கண்ணில் விட்ட மஞ்சள் சாயம்

தோஹாவிலிருந்து லீவில் வந்தால் திற்பரப்பு, முட்டம் என்று சுற்றுவது வழக்கம். இந்த முறை பெரும்பொழுது நாகர்கோவிலில் ஒரு கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் கழிந்தது. குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் சித்தப்பாவுக்கு, விடியுமுன் தோட்டத்தில் சுள்ளி ஒன்று கண்ணில் குத்திவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விட்டபடி வேலைக்கும் போய்வந்திருக்கிறார். பாட்டிலை வாங்கிப் பார்த்தால் ஸ்டீராய்டு!

டோக்கன் வரிசை நீளம், உட்கார இடமில்லை. உள்ளே போனதும் வேலை மளமளவென்று நடந்தது. நுனியில் ஆரஞ்சு நிறம் தோய்ந்த ஒரு தாள் பட்டையை நனைத்து, கீழ் இமைக்குள் லேசாகத் தொட்டார்கள். "எரியல்ல மக்களே" என்றார் சித்தப்பா. கண்ணீர் மட்டும் மஞ்சளாக வழிந்தது. விளக்கை நீலத்துக்கு மாற்றியதும் கருவிழியில் ஓர் இடம் பச்சையாகப் பளிச்சிட்டது. டாக்டர் அதைத் திரையில் எனக்கும் காட்டினார்.

அந்தச் சாயம் ஃபுளோரசின். 1871இல் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் உருவாக்கியது. கருவிழியின் மேல்தோல் முழுசாக இருந்தால் சாயம் ஒட்டாது, உரிந்த இடத்தில் ஊறி நிற்கும். வெறும் கண்ணுக்குத் தப்பும் கீறலும் இதில் சிக்கிவிடும். ஹெர்பிஸ் வைரஸால் வந்த புண் என்றால் மரக்கிளை போலக் கிளைத்துத் தெரியுமாம். ஆனால், எந்தக் கிருமி என்பதை இந்தப் பச்சை மட்டும் உறுதியாகச் சொல்லாது. அதனால் மரத்துப்போக மருந்து விட்டுப் புண்ணைச் சுரண்டி எடுத்து, பாக்டீரியாவைக் காட்டும் ‘கிராம்’ சாயம் ஏற்றியும், பூஞ்சையைத் துலக்கிக் காட்டும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வைத்தும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். நூல் நூலாகப் பூஞ்சை. இலை, சுள்ளி பட்ட கண்ணில் அடிக்கடி வருவதுதான். ஸ்டீராய்டு அதை இன்னும் முற்ற வைக்கும்.

உடனே ஸ்டீராய்டை நிறுத்தி, பூஞ்சைக்கான நேட்டமைசின் சொட்டு மருந்தை மணிக்கொரு தரம் விடச் சொன்னார்கள். இதையெல்லாம் டாக்டரிடம் நானாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்திலிருந்த பாட்டிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அது ஒன்றுதான் எனக்குக் குறை.

நம்மூர்க்காரர்களுக்கு ஒன்று: கண்ணில் இலையோ சுள்ளியோ பட்டால், சாயம் விட்டுப் பார்க்கும் முன் கடையில் எந்தச் சொட்டு மருந்தும் வாங்காதீர்கள். சாஃப்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கழற்றிவிட்டுப் போங்கள், சாயம் அதில் ஏறிக்கொள்ளும். சித்தப்பாவுக்கு மறுபரிசோதனையில் பச்சை பாதியாகச் சுருங்கியிருந்தது. மருந்து இன்னும் ஓடுகிறது. பால்வெட்டுக்கு இப்போதைக்குச் சித்தி விடுவதாக இல்லை.