உலக நாடுகள் அட்டைகள்: எங்கள் வீட்டில் ஹிட்

செங்கோட்டையில் ஒரு புத்தகக் கடையில் மகளுக்காக வாங்கினேன். எத்தியோப்பியாவில் வருடத்துக்கு 13 மாதம், கடைசி மாதத்துக்கு 5 நாள், சில வருடம் 6 நாள் என்ற அட்டையைப் படித்துவிட்டு, எங்கள் தமிழ்க் காலண்டரையும் புனலூர் பாட்டி கொடுத்த மலையாளக் காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நமக்குச் சித்திரையில் வருடம் பிறந்தால் பாட்டிக்கு மட்டும் ஏன் சிங்ஙத்தில் பிறக்கிறது என்று ராத்திரி வரைக்கும் கேட்டாள். இந்த ஒரு அட்டைக்கே காசு தகும். நேபாளக் கொடி நாற்கரம் இல்லை என்பதும் பிடித்தது.

ஒரே குறை, ஐஸ்லாந்தில் கொசுவே கிடையாது என்று போட்டிருக்கிறார்கள். 2025 அக்டோபரில் அங்கேயும் கண்டுபிடித்துவிட்டார்கள், அடுத்த பதிப்பில் அவசியம் திருத்துங்கள். அப்புறம், அட்டை ரொம்ப மெலிசு, ஓரம் இப்போதே மடங்குகிறது.